விட்டு வைத்த அங்குலங்கள்

சென்னை அடுக்ககங்களில் மூன்றாவது படுக்கையறை என்று ஒன்று உண்டு. வரைபடத்தில் அதற்கும் கம்பீரமாகப் பெயர் போட்டிருப்பார்கள். நேரில் போனால் 10 அடிக்கு 9 அடி. கொஞ்ச காலம் இஸ்திரி மேஜையும் காலி அட்டைப்பெட்டிகளும் அங்கே குடியிருக்கும். பிள்ளை ஒன்பதாம் வகுப்பு ஏறியதும், "இனிமே இது உன் ரூம்" என்று சாவியைக் கொடுப்பார்கள். அப்படிக் கைமாறிய ஓர் அறையைத்தான் இங்கே ஆசை தீரப் பார்க்கப் போகிறோம். தோழி ஒருத்தி தன் மகளுக்காக, ஆசாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்ச் டேப்பும் பென்சிலுமாக இழைத்து இழைத்துச் செய்வித்த அறை. விலையுயர்ந்த பொருள் என்று எதுவும் அதில் இல்லை. ஆனால் ஓர் அங்குலம்கூட ஏனோதானோவென்று விடப்படவில்லை. விட்ட இடமெல்லாம் வேண்டுமென்றே விட்டது. அவசரமில்லை, நிதானமாக உள்ளே வாருங்கள்.

கதவிலிருந்தே தொடங்கலாம். மூன்றடிக் கதவு முழுக்கத் திறந்து மூட ஏழு சதுர அடித் தரை வேண்டும். 90 சதுர அடியில் அது சின்ன வரி இல்லை. அந்த வரியைக் கட்டிய கையோடு கொஞ்சம் திரும்ப வாங்கிய சாமர்த்தியத்தைப் பாருங்கள். தரையில் பதித்த ரப்பர் குமிழ் ஒன்று, சுவருக்கு ஐந்து அங்குலம் முன்னாலேயே கதவை நிறுத்திவிடுகிறது. அந்த இடுக்கில், நாலே அங்குல ஆழத்தில், ஆளுயரத்துக்கு ஒரு மெல்லிய அலமாரி. நெயில் பாலிஷ் குப்பிகள், வளையல் கம்பி, மடக்குக் குடை, பாட்மிண்டன் மட்டை, முதுகைக் காட்டி நிற்கும் கதைப் புத்தகங்கள். இதில் எனக்குத் தித்திப்பது வேறொன்று. கதவு திறந்திருக்கும் வரை இந்த அலமாரி கண்ணில் படாது, சாத்தினால்தான் தெரியும். வருகிற போகிறவர்களுக்கு ஓர் ஒழுங்கான அறை. கதவைச் சாத்திக்கொண்ட சிறுமிக்கு மட்டும் அவளுடைய வண்ணங்கள் அத்தனையும்.

இனி கட்டில். நீளச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். மெத்தையோடு சேர்த்து உயரம் 18 அங்குலம். உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் அழகாகப் பதிகின்றன. அடியில் இரண்டு அகன்ற இழுப்பறைகள், கைப்பிடி இல்லாமல். முகப்புப் பலகையின் மேல் விளிம்பை உட்புறமாகச் சரித்துச் சீவி, நாலு விரல் நுழையும்படி இடுக்கு விட்டிருக்கிறார் ஆசாரி. தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடக்கும் பிள்ளையின் காலில் எந்தக் குமிழும் இடிக்காது. விரலை நுழைத்து இழுத்தால் இழுப்பறை சானலில் வழுக்கி வருகிறது. லேசாகத் தள்ளினால் கடைசி இரண்டு அங்குலத்தில் வேகம் தணிந்து, தானே சத்தமின்றிப் போய்ச் சேர்கிறது.

கட்டிலின் நுட்பம் இத்தோடு முடியவில்லை. சானலின் நீளம் 20 அங்குலம். கட்டிலின் அகலமோ 36. இழுப்பறைக்குப் பின்னால், சுவரோரம், ஏறத்தாழ 15 அங்குலம் மிஞ்சுகிறது. பல வீடுகளில் அது தூசிக்கும் காணாமல் போன பேனா மூடிகளுக்கும் சொந்தம். இங்கே மெத்தைப் பலகையைச் சுவரோரமாக நீளவாக்கில் அறுத்து மூடி போட்டிருக்கிறார்கள். மெத்தையை ஓரமாகத் தூக்கிவிட்டு மூடியைத் திறந்தால் விருந்தாளிக்கான பாய், உபரித் தலையணை, மார்கழியில் மட்டும் தேவைப்படும் கம்பளி, ஆரம்பப் பள்ளியின் ஓவிய நோட்டுகள். தினமும் வேண்டியது இழுத்தால் வரும். எப்போதோ வேண்டியது தூக்கினால் வரும். இத்தனை எளிய இலக்கணத்தை ஒரு கட்டிலுக்குள் எழுதிவைத்த கையை என்னவென்று சொல்வது!

அந்தப் பலகையை இன்னொரு கணம் பாருங்கள். வரிசை பிசகாமல் ஓர் அங்குலத் துளைகள். கடற்கரை ஊரின் ஈரக்காற்றும் உறங்கும் உடம்பின் வெப்பமும் மெத்தையின் அடிப்புறத்தில் போய்த் தங்கும்; காற்று போக வழியில்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அதற்காகத்தான் துளைகள். எந்தக் கண்ணும் படாத இந்தத் துளைகளின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் உப்புத்தாளால் வழவழவென்று தேய்க்கப்பட்டிருந்தது. மெத்தை உறையில் ஒரு சிலாம்புகூடக் குத்தக் கூடாது என்ற கரிசனம். வேலைப்பாடு என்ற சொல்லுக்கு இதைவிடப் பாந்தமான உரை எனக்குத் தெரியாது.

எதிர்ப்புறம் துணி அலமாரி. ஆழம் 2 அடி. ஹேங்கரில் மாட்டிய உடையின் தோள்கள் கதவில் உரசாமல் நிற்க வேண்டுமென்றால் அதைக் குறைக்க முடியாது. அகலம் 3 அடி. அதை ஒற்றைக் கதவாகப் போடாமல் ஒன்றரை அடியில் இரண்டாகப் பிரித்ததில் ஒரு நளினமான கணக்கு இருக்கிறது. அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே நாலடி. கதவு முழுக்கத் திறந்து நின்றாலும் இரண்டரை அடி மிஞ்சுகிறது. எதைப் போட்டுக்கொள்வது என்று தெரியாமல் ஒரு பதினாலு வயதுப் பெண் நின்று தவிக்க அது தாராளம்.

கதவுகளைத் திறந்து உட்சுவரைக் கவனியுங்கள். மேலிருந்து கீழாக, எறும்பு வரிசையாய், 5 மில்லிமீட்டர்த் துளைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 32 மில்லிமீட்டர். மரச்சாமான் தொழிற்சாலைகள் பரவலாகப் பின்பற்றும் இடைவெளி இது. தட்டுகள் எதையும் ஆணியடித்து நிறுத்தவில்லை. நாலு சின்ன ஊசிகள் தாங்குகின்றன. பிடுங்கி வேறு துளையில் செருகினால் தட்டு ஏறும், இறங்கும். இன்று இடப்பக்கக் கம்பிக்குக் கீழே பள்ளிச் சீருடையின் குட்டைச் சட்டைகள் தொங்குகின்றன. அவற்றுக்கு அடியில் இரண்டு தட்டுகள். நாளைக்கு முழங்காலைத் தாண்டும் குர்த்தாக்கள் வரும். அன்றைக்கு ஒரு தட்டைக் கழற்றிவிட்டால் போதும். சின்னப் பெண்ணுக்குப் பாவாடை தைக்கும்போது உட்புறமாக இரண்டு டக் பிடித்து வைப்பார்களே, அடுத்த தீபாவளிக்குப் பிரித்துவிட்டால் நீளம் கூடுமே, அதே தையற்காரப் புத்திதான் இந்த மரத்துக்குள்ளும் ஓடுகிறது. இன்னும் வளர்ந்து முடியாதவளுக்காகச் செய்கிறோம் என்ற நினைப்பு ஒவ்வொரு துளையிலும் இருக்கிறது.

படிக்கும் மேஜைக்குப் போவோம். கட்டில் முடியும் இடத்தில் தொடங்கி, சுவர் மூலை வரை மூன்றரை அடி. ஜன்னல் அவளுக்கு வலப்பக்கம். வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழ வேண்டும், அப்போதுதான் எழுதும் கையின் நிழல் நோட்டில் விழாது என்பது பலரும் அறிந்த விதி. ஆனால் இந்தப் பெண் இடது கைக்காரி. அவளுக்காக விதியைத் திருப்பிப் போட்டு, மேஜையை இந்த மூலையில் பொருத்தியிருக்கிறார்கள். பத்து வருடமாகத் தன் நிழலிலேயே எழுதிப் பழகிய கைக்கு, கேட்காமலே கிடைத்த வெளிச்சம்! இதைக் கவனித்தவர் எவரோ, அவர் அவளை வெகு நாள் பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

மேஜையின் முன்விளிம்பில் மெல்லிய தேக்கு பீடிங். முழங்கை ஊன்றும் இடமாதலால் கூர்மையை முழுக்க எடுத்துவிட்டு, உருட்டி இழைத்திருக்கிறார்கள். 9 அங்குலச் செங்கல் சுவரின் கனத்தையும் வீணாக்கவில்லை. ஜன்னல் சட்டம் வெளி ஓரத்தில் இருப்பதால் உட்புறம் ஆறு அங்குலத்துக்குத் திட்டு கிடைக்கிறது. கையை நீட்டினால் ஜியோமெட்ரி பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஒரு மணிபிளாண்ட். பழைய வீடுகளில் விளக்கு வைக்கச் சுவருக்குள் மாடம் விட்டார்களே, அந்த வம்சத்தின் கடைக்குட்டி இந்தத் திட்டு.

மேஜைக்கு அடியில் இரண்டு மரப்பெட்டிகள். ஒரு பக்கம் திறந்தவை. பக்கவாட்டில் கை நுழையும் நீள்வட்டத் துளை. நிமிர்த்தினால் முக்காலி, படுக்க வைத்தால் புத்தக அடுக்கு, கட்டிலருகே இழுத்தால் விளக்கு மேடை. இவற்றின் மூதாதை பிரான்சின் தென்கிழக்குக் கோடியில், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கார்பூசியே, ரோக்பிரூன்-கேப்-மார்தானில் தனக்கென்று 1952-இல் கட்டிக்கொண்ட மரக்குடில் அது. ஓர் அறைதான், நீளமும் அகலமும் 3.66 மீட்டர். 1951 டிசம்பர் 30 அன்று, முக்கால் மணி நேரத்தில் வரைந்து முடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அங்கேயும் இருக்கை என்பது கைத்துளை வைத்த பெட்டிதான். நகரங்களையே வரைந்த மனிதர் தமக்கென்று கேட்டுக்கொண்டது ஏறத்தாழ 144 சதுர அடி. 2016-இல் யுனெஸ்கோ அவருடைய வேறு பல கட்டடங்களோடு அந்தக் குடிலையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் வீட்டு மூன்றாவது படுக்கையறை இனி கூச்சப்பட வேண்டியதில்லை.

சொல்லாமல் விடக் கூடாத ஒன்று, மேஜையின் இடப்பக்க இழுப்பறை. மூன்றில் மேலே இருப்பது. ஒரு சாண் அகலம்தான். அதற்கு மட்டும் பூட்டு. வாங்கும்போது இரண்டு சாவி கொடுத்தார்கள். இரண்டையும் மகளிடமே கொடுத்துவிட்டாள் தோழி. அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு மறைக்கப் பெரிதாக என்ன இருக்கப் போகிறது? ஒரு டைரி, ஒரு வாழ்த்து அட்டை, ஒன்றிரண்டு புகைப்படங்கள். இருந்தும், வீடு முழுக்க எல்லாருக்கும் எல்லாமும் திறந்துகிடக்கும் குடும்பத்தில், தன் கையால் பூட்டித் திறக்க ஒரு சாண் இடம் என்பது எத்தனை பெரிய சொத்து! பூட்டின் வாயைச் சுற்றி ஒரு கீறல்கூட விழாமல், மைக்காவை அத்தனை துல்லியமாக வட்டமிட்டு வெட்டியிருக்கிறார் ஆசாரி.

அண்ணாந்தால் பரண். கதவின் தலைமட்டத்தில், 7 அடி உயரத்தில் கான்கிரீட் பலகை. முன்னால் சுவரின் நிறத்திலேயே ஷட்டர்கள். அங்கே இருப்பவை அவளுடையவை இல்லை. ஊருக்குப் போகும் சூட்கேஸ்கள், கொலு பொம்மைப் பெட்டி, பித்தளைப் பானை. எட்டாத உயரத்தை வீட்டுக்கும், கைக்கெட்டும் உயரத்தை அவளுக்கும் பங்கு பிரித்ததில் ஓர் இங்கிதம் இருக்கிறது. நவராத்திரிக்கு வருடம் ஒருமுறை ஏணியோடு அப்பா வந்தால், அது அத்துமீறல் ஆகாது, திருவிழா.

இவ்வளவையும் வைத்த பிறகு மிஞ்சியது என்ன? கட்டிலுக்கு 19½, மேஜைக்கு 7, அலமாரிக்கு 6 சதுர அடி. கழித்தால் 57 சதுர அடிக்குக் குறையாமல் வெறும் தரை. அறையில் பாதிக்கு மேல் காலி! தோழிகள் வந்தால் வட்டமாக உட்காரலாம். இரண்டு பாய் விரிக்கலாம். யாரும் பார்க்காதபோது ஆடலாம். துணி அலமாரியின் வலப்பக்கத்திலும் ஒரு தட்டை ஒன்றும் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். இன்னும் அவளுக்கே தெரியாத ஆசைக்கு, கிடாரோ கேமராவோ, முன்கூட்டியே போட்டு வைத்த இடம்.

கடைசியாக ஒரு நுணுக்கம். குனிந்து, பலகைகள் சேரும் மூலைகளைப் பாருங்கள். கட்டிலின் சட்டங்கள் பசையிட்டு இறுக்கப்பட்டவை. கல்லூரி விடுமுறைக்கு வந்தாலும், கல்யாணமாகி வந்தாலும் அவள் படுக்கும் இடம் ஆட்டம் காணக் கூடாது. மேஜையையும் கதவுக்குப் பின்னுள்ள அலமாரியையும் சுவரோடு பிடித்திருப்பது திருகுகள் மட்டுமே. அரை மணி நேரத்தில் கழற்றிவிடலாம். சுவரில் நாலைந்து துளைகளை அடைத்தால் அறை வேறு ஆளாகிவிடும். எதை நிலைக்க விடுவது, எதை மாற விடுவது என்று ஒவ்வொரு மூலையிலும் ஒரு முறை யோசித்திருக்கிறார்கள். பிள்ளை வளர்ப்பில் பெற்றவர்கள் நாள்தோறும் போடும் கணக்கும் அதுதான். இந்த வீட்டில் அதை ஓர் ஆசாரியும் சேர்ந்து போட்டிருக்கிறார், விடை அழகாக வந்திருக்கிறது.