கடற்கரையில் கெர்ட்டி

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவலில் ஒரு மாலைக் காட்சி. டப்ளினை அடுத்த சாண்டிமவுண்ட் கடற்கரையில் கெர்ட்டி மக்டவல் என்னும் இளம்பெண் அமர்ந்திருக்கிறாள். புளூம் என்னும் நடுவயதினர் தொலைவிலிருந்து அவளை நோக்குகிறார். அருகிலுள்ள ஆலயத்திலிருந்து தேவமாதா மன்றாட்டுமாலை கேட்கிறது. வாணவேடிக்கையைக் காணக் கெர்ட்டி பின்னே சாய்கிறாள். அவள் கால்களைக் கண்டு புளூம் தம் இச்சையைத் தாமே தணித்துக்கொள்கிறார்.

இதை 1920-இல் வெளியிட்ட ‘லிட்டில் ரிவியூ’ இதழின் ஆசிரியைகள் மார்கரெட் ஆண்டர்சன், ஜேன் ஹீப் இருவருக்கும் நியூயார்க் நீதிமன்றம் 1921 பிப்ரவரியில் தலைக்கு 50 டாலர் அபராதம் விதித்தது. அப்பகுதியை ஒரு பெண்மணியின் காதுபட வாசிக்கலாகாது என நீதிபதி ஒருவர் தடுத்தாராம். வெளியிட்டவரே அவர்தான் என்று வழக்கறிஞர் சொல்ல, அதன் பொருள் அவருக்குத் தெரிந்திராது என்றாராம். ஆண்டர்சனே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கும் செய்தி இது. ஒன்றும் அறியாதவள் என்று கருதப்பட்டவருக்கே தண்டனையும் கிடைத்தது! 1933 டிசம்பரில் நூலை விடுவித்த நீதிபதி உல்சியும், சராசரி ஆடவனின் உணர்ச்சியை அது கிளறுமா என்பதையே அளவுகோலாகக் கொண்டார்.

கெர்ட்டியை எவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆலயத்தில் நடப்பது குடியை விட விரும்பும் ஆடவருக்கான தியானம். அவள் தகப்பனோ குடிகாரன். குடிவெறியின் கொடுமைகளை வீட்டிலேயே கண்டு வளர்ந்தவள் அவள். தலைநோவால் துன்புறும் தாய்க்குப் பணிவிடை செய்பவளும் அவளே. பெண்ணுடலுக்கு இயல்பான மாதாந்திர மாற்றத்தால் கலங்கி, முன்பு பாவசங்கீர்த்தனத்தில் தான் சொன்னதையும் நினைத்துக்கொள்கிறாள். அது இயற்கையின் நியதி என்று கான்ராய் அடிகளார் தேற்றுகிறார். கபிரியேல் தூதருக்கு மரியன்னை தந்த இசைவையும் நினைவூட்டுகிறார். ஜாய்ஸ் கேலி செய்கிறார் என்பாரும் உண்டு. இருக்கலாம். ஆயினும் நாற்பது பக்க மறையுரையைவிட அக்குருவின் இரண்டு சொற்கள் ஒரு சிறுபெண்ணின் அச்சத்தைத் தீர்த்தன. மனிதவதாரத்தை விசுவசிக்கும் நமக்கு அது அந்நியமன்று. அவ்வத்தியாயத்தைத் தடை செய்தபோது இந்தக் குருவின் குரலும் சேர்ந்தே தடைபட்டது.

ஜாய்ஸ்மீதும் எனக்கு வழக்குண்டு. மலிவான காதல் கதைகளின் நடையை அவள் எண்ணங்களுக்கு அணிவித்துச் சிரிக்கிறார். எழுந்து நடக்கையில்தான் அவள் கால் ஊனம் புளூமுக்குத் தெரிகிறது. ஐயோ பாவம் என்கிறார். முன்பே தெரியாமற்போனதும் நல்லதுதான் என்கிறார். எஞ்சிய பக்கங்கள் பெரும்பாலும் புளூமின் எண்ணங்களுக்கே. வீடு திரும்பும் கெர்ட்டியுடன் ஜாய்ஸ் செல்வதில்லை.