ஈட்டன்வில் கடைத் திண்ணை: சோரா நீல் ஹர்ஸ்டனின் நாவல்

‘தெயர் ஐஸ் வேர் வாச்சிங் காட்’, சோரா நீல் ஹர்ஸ்டன் (1891–1960) எழுதி 1937-ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கக் கறுப்பின நாவலாகும். ‘அவர்களின் கண்கள் கடவுளை நோக்கியிருந்தன’ என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கறுப்பர் வரலாற்று மாதத்தை ஒட்டி அமெரிக்க நூலகங்கள் எடுத்து வைக்கும் புத்தகங்களில் இதற்கு இன்று உறுதியான இடமுண்டு. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் கிடைக்காமல் இருந்த நூல் இது. எதைக் கறுப்பர் மரபு என்பது, அதை எந்த மொழியில் எழுதுவது என்பதில் கறுப்பின எழுத்தாளர்களுக்குள்ளேயே இருந்த பிணக்குக்கும் அந்த மறதியில் பங்குண்டு.

ஊரும் கதையும்

புளோரிடா மாநிலத்தின் ஈட்டன்வில், 1887-இல் கறுப்பின மக்கள் தாமே அமைத்துக்கொண்ட நகராட்சி. மேயரும் கறுப்பர், கடைக்காரரும் கறுப்பர். ஹர்ஸ்டன் வளர்ந்தது அங்கேதான். அவருடைய தந்தையும் அவ்வூர் மேயராக இருந்தவர். பின்னாளில் அவர் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் பிரான்ஸ் போவாஸிடம் மானிடவியல் பயின்று, தெற்கே திரும்பி நாட்டார் கதைகளைத் தொகுத்தார். 1936-இல் ஹெய்தியில் ஆய்வுக்காகத் தங்கியிருந்தபோது ஏழே வாரங்களில் இந்த நாவலை எழுதி முடித்தார்.

கதைத் தலைவி ஜேனி. அடிமை வாழ்வை அனுபவித்த பாட்டி, பேத்திக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அறுபது ஏக்கர் நிலம் உள்ள வயதான ஒருவருக்கு அவளை மணம் செய்து வைக்கிறாள். ஜேனி அவரை விட்டு ஜோ ஸ்டார்க்ஸுடன் ஈட்டன்வில் செல்கிறாள். ஜோ மேயராகிறான், கடை வைக்கிறான். கடைத் திண்ணையில் ஊரே கூடிப் பொய்யும் மெய்யும் கலந்து கதை பேசுகிறது. ஜேனி மட்டும் அதில் சேரக் கூடாது. தலைமுடியையும் துணியால் மறைத்துக் கட்ட வேண்டும். அவன் இறந்த பின் தன்னைவிட இளையவனான டீ கேக்குடன் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துக்கு அவரை பறிக்கும் வேலைக்குப் போகிறாள். இந்தக் கதை முழுவதையும், ஊர் திரும்பிய ஜேனி தன் தோழி ஃபீபியிடம் வீட்டின் பின்புறத்தில் உட்கார்ந்து சொல்கிறாள். முன்திண்ணையில் மறுக்கப்பட்ட பேச்சு இப்படிக் கொல்லைப்புறத்தில் கிடைக்கிறது. நாவலின் அமைப்பே இதுதான்.

உரையாடல் அனைத்தும் பேச்சு வழக்கிலேயே அச்சாகியுள்ளன. ‘நான்’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்கூட ‘ஆ’ என்று ஒலிக்கும்படி எழுதப்பட்டிருக்கும். பாடநூல் ஆங்கிலத்தில் பழகிய நம் மாணவர்கள் முதல் பத்துப் பக்கங்களில் தடுமாறுவார்கள். வாய்விட்டுப் படித்தால் தடை நீங்கிவிடும். நடிகை ரூபி டீ வாசித்த ஒலிநூலும் உண்டு.

ரைட்டின் குற்றச்சாட்டு

நாவல் வந்த ஆண்டிலேயே ரிச்சர்ட் ரைட் ‘நியூ மாசஸ்’ இதழில் இதைக் கடுமையாகச் சாடினார். இதில் கருப்பொருளே இல்லை. வெள்ளையரைச் சிரிக்க வைத்த பழைய மேடைக் கூத்தின் தொடர்ச்சி இது என்பது அவர் வாதம். நிறவெறிக் கொலைகள் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஓர் எழுத்தாளருக்கு அந்தக் கோபம் வந்ததில் வியப்பில்லை. மூன்றாண்டுகளில் அவருடைய ‘நேட்டிவ் சன்’ வெளிவந்தபோது, கறுப்பின நாவல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பலரும் எண்ணத் தொடங்கினர்.

ஆனால் ரைட் புயல் அத்தியாயத்தைப் போதிய கவனத்துடன் படிக்கவில்லை என்றே கருதுகிறேன். 1928 செப்டம்பரில் ஒக்கிசோபி ஏரிக்கரை உடைந்து குறைந்தது 2,500 பேர் இறந்தனர். பெரும்பாலோர் கறுப்பினப் பண்ணைத் தொழிலாளர். நாவலில் டீ கேக்கைத் துப்பாக்கி முனையில் பிணம் புதைக்க இழுத்துச் செல்கிறார்கள். வெள்ளையர் உடல்களுக்குச் சவப்பெட்டி, கறுப்பர் உடல்களுக்குக் குழியும் சுண்ணாம்பும். அழுகிய உடல்களில் நிறம் தெரியாததால் தலைமுடியைப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அங்கேயும் தொழிலாளர்கள் தங்களுக்குள் நையாண்டி பேசிக்கொள்கிறார்கள். அரசியல் இல்லாத நூலில் இப்படி ஒரு பக்கம் எப்படி வரும்?

குறைகளும் உண்டு. டீ கேக் தன் உரிமையை மற்றவர்க்குக் காட்டவே ஜேனியை அடிக்கிறான். நாவல் அதை வெகு எளிதாகக் கடந்துபோகிறது. வெறிநாய்க் கடியால் புத்தி பேதலித்துத் தன்னைச் சுட வந்தவனை ஜேனி சுட்டுக் கொல்ல, வழக்கு வருகிறது. வெள்ளையர் பன்னிருவர் முன் அவள் தன் கதையைச் சொல்ல வேண்டிய அந்த இடத்தில் அவளுடைய குரல் கேட்பதில்லை. கதைசொல்லிதான் சுருக்கிச் சொல்கிறார். பேச்சுரிமை பற்றிய நாவலில் இது சிறிய குறை அல்ல. ஃபீபிக்குச் சொன்ன கதையை நீதிமன்றத்துக்குத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்று ஆசிரியர் நினைத்திருக்கலாம் என்பார்கள். எனக்கு அது போதிய சமாதானமாகத் தோன்றவில்லை.

கல்லறையும் மறுபதிப்பும்

ஹர்ஸ்டன் 1960 ஜனவரியில் வறியோர் இல்லமொன்றில் இறந்தார். கல்லறையில் பெயர்கூட இல்லை. 1973-இல் ஆலிஸ் வாக்கர் ஃபோர்ட் பியர்ஸ் நகருக்குச் சென்று, முட்புதர் மண்டிய இடுகாட்டில் அந்த இடத்தைத் தேடிக் கல் நாட்டினார். கல்லில் பிறந்த ஆண்டு 1901 என்று இருக்கும். இலவச உயர்நிலைக் கல்வியில் சேர்வதற்காக ஹர்ஸ்டன் தாமே பத்து வயதைக் குறைத்துச் சொன்னதன் விளைவு அது! 1975-இல் வாக்கர் எழுதிய கட்டுரையும், 1978-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பும் நாவலை வகுப்பறைகளுக்குக் கொண்டுவந்தன.

ஹர்ஸ்டனின் மற்றொரு நூல் இன்னும் நெடுங்காலம் காத்திருந்தது. 1860-இல் ‘க்ளோட்டில்டா’ கப்பலில் அமெரிக்காவுக்குக் கடத்தி வரப்பட்ட குட்ஜோ லூயிஸை நேரில் கண்டு அவர் எழுதிய ‘பராக்கூன்’ 1931-இல் முடிந்தது. பேச்சு வழக்கை மாற்றி எழுதித் தரும்படி பதிப்பகம் கேட்டது, ஹர்ஸ்டன் மறுத்துவிட்டார். குட்ஜோ பேசியபடியே அது 2018-இல் வெளிவந்தது. சிறிய நூல். நாவலின் மொழி கடினமாகத் தோன்றும் மாணவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.