எம்.சி.ஏ. வகுப்பில் வேற்றுப் பாடத்தார்

இயற்பியலோ வணிகவியலோ படித்து முடித்தவர் மேற்படிப்பில் கணினிக்கு மாறிக்கொள்ளும் வழியை இந்தியாவில் அகலத் திறந்துவிட்டது எம்.சி.ஏ. எண்பதுகளில் வேரூன்றிய இந்தப் படிப்பு பல ஆண்டுகள் மூன்றாண்டுப் படிப்பாகவே நடந்தது. மற்ற முதுகலைப் படிப்புகள் இரண்டே ஆண்டில் முடியும்போது இதற்கு மட்டும் மூன்று. சேருகிறவருக்குக் கணினி தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு போட்ட கணக்கு அது. 2020-21 கல்வியாண்டில் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு அதை இரண்டாண்டாகக் குறைத்தது. பறிபோன அந்த ஓராண்டு யாருடையது என்று பார்த்தால்தான் இந்தப் படிப்பின் பலமும் பலவீனமும் பிடிபடும்.

வேறு பாடம் படித்தவருக்குக் கணினி கற்பிப்பதைச் சலுகையாகவோ சமரசமாகவோ நினைக்கத் தேவையில்லை. கணினிக் கல்வி பிறந்ததே அப்படித்தான். 1953இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தொடங்கிய ஓராண்டு டிப்ளமோ, ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்களுக்கானது. இளநிலையில் கணினியியல் என்று ஒரு பாடமே அப்போது இல்லை. நம் நாட்டிலும் அதே கதைதான். மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் 1960இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியின் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன், கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு படித்து, பிறகு அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். டி.சி.எஸ். நிறுவனத்தை வளர்த்தெடுத்த எஃப்.சி. கோலி மின்பொறியாளர். கணினித் துறையை இங்கே எழுப்பிய முன்னோடிகள் பலரும் இப்படி வெளியிலிருந்து வந்தவர்கள்.

வெளியிலிருந்து வருகிறவர் கையில் என்ன கொண்டுவருகிறார் என்பதை டேட்டாபேஸ் வகுப்பில் நேராகப் பார்க்கலாம். டிரான்சாக்‌ஷன் என்ற கருத்தை நடத்தும்போது ஆசிரியர் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு: ஒரு கணக்கிலிருந்து ஐயாயிரம் ரூபாயைக் கழித்து இன்னொரு கணக்கில் சேர்க்க வேண்டும், கழித்த பிறகு, சேர்ப்பதற்குள் கரன்ட் போய்விட்டால் என்ன ஆகும்? பி.சி.ஏ. என்ற இளநிலைக் கணினிப் படிப்பை முடித்து வந்த மாணவர் கமிட், ரோல்பேக் என்று கட்டளைகளைச் சொல்வார். பி.காம். முடித்தவருக்கு அந்தக் கட்டளைகள் புதிது. ஆனால் பற்று எழுதினால் வரவும் எழுதியாக வேண்டும், ஒன்று மட்டும் நின்றால் இருப்பாய்வு இடிக்கும் என்பது அவருக்கு மூன்றாண்டுப் பழக்கம். இரண்டும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுமே நடக்கக் கூடாது என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டாம். அதைக் கணினியில் எப்படிச் சொல்வது என்று காட்டினால் போதும். நாளை ஜி.எஸ்.டி. கணக்குக்கு மென்பொருள் எழுதும் இடத்தில் இவர் உட்கார்ந்தால், வாடிக்கையாளர் சொல்வது பாதி வாக்கியத்திலேயே புரிந்துவிடும். புள்ளியியல் படித்தவருக்கு மெஷின் லேர்னிங்கிலும், இயற்பியல் படித்தவருக்கு சிமுலேஷனிலும் இதே போன்ற முன்பயிற்சி உண்டு.

இன்னொரு பலம் சமூகத்தைச் சார்ந்தது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பிளஸ் டூ முடிக்கும் பதினேழு வயதில் எல்லோருக்கும் விரும்பிய பாடம் கிடைப்பதில்லை. கட்ஆஃப் குறைந்தவர், பொறியியலுக்குப் பணம் கட்ட முடியாதவர், பெண்ணை வெளியூர் அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் சொல்லிவிட்டதால் பக்கத்து ஊர்க் கல்லூரியில் இருந்த ஒரே அறிவியல் பாடத்தில் சேர்ந்தவர் என்று கலை அறிவியல் கல்லூரிகளின் வகுப்பறைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இருபது வயதில் அவர்களுக்கு இன்னொரு கதவு வேண்டும். டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றிலோ, நிம்செட் நுழைவுத் தேர்வு எழுதி திருச்சி என்.ஐ.டி.யிலோ எம்.சி.ஏ. சேர்ந்து வாழ்க்கையைத் திருப்பிக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. பதினேழு வயது முடிவை மாற்ற வழி தரும் எந்தப் படிப்பும் காப்பாற்றப்பட வேண்டியது.

அப்படியானால் ஓராண்டை ஏன் குறைத்தார்கள்? அதிலும் நியாயம் இருந்தது. பி.சி.ஏ.வும் பி.எஸ்சி. கணினி அறிவியலும் பெருகிய பிறகு எம்.சி.ஏ.வுக்கு வருகிறவர்களில் கணினி படித்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள். முதலாண்டில் சி, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்று படித்ததையே மறுபடி படிப்பது அவர்களுக்கு வீண். லேட்டரல் என்ட்ரி என்று நேராக இரண்டாம் ஆண்டில் சேர்த்ததும் அதற்காகத்தான். அவர்களைப் பொறுத்தவரை இரண்டாண்டு சரியான முடிவு, ஒரு வருடக் கட்டணமும் மிச்சம்.

பிழை வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவகை மாணவருக்குப் பொருந்தும் அளவை எடுத்து இரண்டு வகையினருக்கும் ஒரே சட்டையாகத் தைத்துவிட்டார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டுப் பாடத்திட்டத்தில் ஐந்து செமஸ்டர் பாடமும் கடைசி ஒன்றில் ப்ராஜெக்டும் இருந்தன. இரண்டாண்டில் பாடத்துக்கு மிஞ்சுவது மூன்று செமஸ்டர். அதிலும் மூன்றாவது தொடங்கும்போதே ப்ளேஸ்மென்ட் பேச்சு வந்துவிடும். புதிதாக வந்தவர் நிரல் எழுதப் பழக உண்மையில் ஓராண்டுதான் கையில் இருக்கிறது.

அந்த ஓராண்டில் என்ன நடக்கிறது என்பது லேபில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். லிங்க்டு லிஸ்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு கணுவும் அடுத்த கணுவின் முகவரியை வைத்திருக்கும். நடுவில் ஒன்றைச் செருக வேண்டுமானால், புதிய கணு தனக்கு அடுத்து வரப்போவதன் முகவரியை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே முந்தைய கணுவின் முகவரியை மாற்ற வேண்டும். இந்த இரண்டு வரியை முன்பின்னாக எழுதிவிட்டால் கம்பைலர் ஒரு பிழையும் காட்டாது. ஆனால் புதிய கணு தன்னையே சுட்டிக்கொண்டு நிற்கும், மீதிப் பட்டியல் தொலைந்துவிடும், அச்சிடச் சொன்னால் ஒரே எண் திரை முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். ஏன் என்று தாளில் கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து கண்டுபிடிக்கிறவர் நிரலாளர் ஆகிறார். அதற்கு ஒரு மாலை முழுவதும் ஆகலாம், சிலருக்கு ஒரு வாரம். நேரம் இல்லாதபோது மாணவர் என்ன செய்வார்? பக்கத்தில் இருப்பவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி, மனப்பாடம் செய்து, லேப் தேர்வில் சீட்டு எடுத்து வந்த ப்ரோகிராமை ஒப்பித்துவிடுவார். மதிப்பெண் வந்துவிடும், அடித்தளம் வராது.

ஒரே வகுப்பில் இரு சாராரையும் உட்கார வைப்பது இந்தக் குறையை இன்னும் ஆழமாக்குகிறது. பி.சி.ஏ. முடித்தவர் பத்து நிமிடத்தில் முடித்து எழுந்துவிடும்போது, முன்னாள் வேதியியல் மாணவி தனக்கு அறிவில்லை என்று முடிவு கட்டிக்கொள்கிறாள். அவளுக்கு இல்லாதது மூன்று வருட முன்பழக்கம் மட்டுமே. இந்த இடத்தில் பிரிட்டன் தெளிவாக இருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் எம்.எஸ்சி. கம்ப்யூட்டிங், வேற்றுப் பாடத்தில் பட்டம் பெற்றவர்களுக்கென்றே வகுத்த படிப்பு. கணினி படித்தவர்களுக்கு அங்கே வேறு படிப்புகள் உண்டு. பன்னிரண்டே மாதம்தான், மூச்சு முட்டும் வேகம்தான், ஆனால் வகுப்பில் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குகிறார்கள். அதற்காக அங்கே கேட்கும் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டு என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்தப் பிரிப்பு மட்டும் இங்கே வர வேண்டும்.

நம்மிடம் இதற்கு வைத்திருக்கும் மருந்து பிரிட்ஜ் கோர்ஸ். கணினி படிக்காமல் வருகிறவருக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் நெறிப்படி கூடுதல் பாடங்கள் என்று விதி சொல்கிறது. எத்தனை மணி நேரம், எப்போது, யார் நடத்துவது என்பதெல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. வழக்கமான பாடங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாயங்காலத்தில் இதையும் சேர்த்து நடத்தினால், ஏற்கெனவே திணறுகிறவரின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றியதாகத்தான் முடியும்.

அடித்தளம் இல்லாமல் நான்காம் செமஸ்டருக்கு வந்தவர் ப்ராஜெக்டை விலைக்கு வாங்கப் போகிறார். சென்னையில் தி.நகர்ப் பக்கம் போனால் தலைப்பும் நிரலும் அறிக்கையும் பைண்டிங்கும் சேர்த்துக் கொடுக்கும் ப்ராஜெக்ட் சென்டர்களைப் பார்க்கலாம். வைவாவில் என்ன கேள்வி வரும் என்பதற்கும் அங்கேயே பயிற்சி உண்டு. மாணவரின் நேர்மைக் குறைவு என்று மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மூன்று செமஸ்டரில் தரவேண்டியதைத் தராத ஏற்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

நிரலை இயந்திரமே எழுதித் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று இப்போது கேட்கிறார்கள். லிங்க்டு லிஸ்டுக்கு இயந்திரம் எழுதிய அந்த இரண்டு வரி முன்பின்னாக இருந்தால் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். அது எழுதியது கணக்கு வழக்குக்கோ ஆய்வகத் தரவுக்கோ பொருந்துகிறதா என்று சொல்லவும் ஆள் வேண்டும். முதல் வேலைக்கு அடித்தளம் தேவை, இரண்டாவதற்கு முன்பு படித்த பாடம் தேவை. இரண்டும் ஒருவரிடமே சேரக்கூடிய இடம் இந்தப் படிப்பு. அதனால்தான் இதை பி.சி.ஏ.வின் நீட்சியாக மட்டும் சுருங்க விடக்கூடாது என்கிறேன்.

செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. வேற்றுப் பாடத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஜூன், ஜூலையிலேயே தனி வகுப்பு தொடங்கி, நிரலாக்கம், டிஸ்கிரீட் கணிதம், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் மூன்றையும் முழுநேரமாக நடத்தலாம். வேண்டுமென்பவர் ஐந்து செமஸ்டரில் முடிக்க அனுமதிக்கலாம். அதைத் தோல்வியாகப் பதிவு செய்யாமல், படிப்பின் இன்னொரு வடிவமாக ஏற்க வேண்டும். கணிதம் படித்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், சேர்ந்த முதல் மாதத்தில் மறந்ததை நினைவூட்டும் வேலையாக மாற வேண்டும். கவுன்சலிங்குக்குப் போகும் பி.எஸ்சி., பி.காம். பட்டதாரிகள் கல்லூரியின் ப்ளேஸ்மென்ட் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன், பிரிட்ஜ் கோர்ஸ் எத்தனை மணி நேரம், அதற்கு லேப் உண்டா, நடத்துபவர் நிரந்தர ஆசிரியரா என்ற மூன்றையும் கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டு, பிறகு கல்லூரியைத் தேர்ந்தெடுக்கட்டும்.