வாலை நறுக்கிய மேற்கோள்

2024இல் குகேஷ் உலக சாம்பியனான பிறகு சதுரங்கப் பயிற்சி நூல்களுக்கு மவுசு கூடிவிட்டது. திண்டுக்கல் புத்தகத் திருவிழாவில் அப்படியொன்றைத் திருப்பினால், பின்னட்டையில் என் பெயர். 'எளிய தமிழ்... தொடங்குபவருக்கு ஏற்ற நூல்...'

நான் எழுதியிருந்தது: 'எளிய தமிழ் மட்டும் போதாது, நகர்வுக் குறிப்புகளில் இத்தனை பிழைகளோடு இது தொடங்குபவருக்கு ஏற்ற நூல் அல்ல.'

நம் மொழியில் மறுப்பு வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. வாலை நறுக்கினால் வசை வாழ்த்தாகிவிடும். பொய் என்றும் சொல்ல முடியாது. சொற்கள் எல்லாம் என்னுடையவைதான், அர்த்தம் மட்டும் பதிப்பாளருடையது.

பிறர் வாயால் புகழ்வது நமக்குப் புதிதல்ல. சிறப்புப்பாயிரம் பாட ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர் ஆகியோருக்கே நன்னூல் இடம் தருகிறது. எல்லாரும் வேண்டியவர்கள்தான், ஆனால் அந்த உறவு ஒளிவுமறைவற்றது. இங்கேயோ மறுத்தவனையே பாயிரம் பாட வைக்கிறார்கள்.

பெயரைப் பார்த்ததும் முதலில் எனக்கும் கொஞ்சம் குஷிதான். விமர்சகனின் இந்த அற்பத்தனமும் வியாபாரத்துக்கு முதல்.

வேடசந்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், பயிற்சியாளர் கிடையாது, புத்தகம்தான் வாத்தியார், அதைக் கையில் வைத்திருந்தான். "வேணாம்ப்பா, தப்புத்தப்பா இருக்கு" என்று சொல்லி, நான் யாரென்றும் சொன்னேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

"நீங்கதானே சார் நல்லாருக்குன்னு எழுதியிருக்கீங்க?"