ரசிகருக்கு இடமில்லாத அட்டவணை

2024 ஏப்ரலில் கிளீவ்லாந்தில் நடந்த அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆண்கள் இறுதியாட்டத்துக்குக் கிடைத்தது 1 கோடியே 48 லட்சம். அன்றிலிருந்து நம் பக்கத்து விளையாட்டு மேடைகளில் ஒரு பேச்சு வேர்பிடித்துவிட்டது. அங்கே பெண்கள் ஆட்டத்தைத் தேடி ஊர் ஊராகப் போகும் ரசிகர்கள் இருக்கிறார்களாம். இங்கே உள்ளூரிலேயே பார்க்க ஆள் இல்லையாம். ஆள் வரட்டும், அப்புறம் லீக் பற்றிப் பேசலாமாம். விளையாட்டின் மீது அக்கறை உள்ளவர்களே இப்படிச் சொல்கிறார்கள் என்பதால்தான் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. நான் பார்த்தவரை நடப்பது நேர்மாறானது. ரசிகர் வர முடியாதபடி போட்டியை அமைத்துவிட்டு, ரசிகர் வரவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பெண்கள் இறுதியாட்டத்தில் ஆடிய கெய்ட்லின் கிளார்க், ஐயோவா பல்கலைக்கழகத்துக்காக ஆடிய கடைசிப் பருவத்தில் அவர் போன வெளியூர் அரங்குகளும் நிரம்பின. மஞ்சள் கறுப்புச் சட்டையோடு பல மணி நேரம் கார் ஓட்டிப் போய் உட்கார்ந்தவர்களின் பக்தியை எல்லாரும் பேசுகிறார்கள். அந்தப் பக்திக்கு அடியில் ஓர் அச்சடித்த தாள் இருந்தது. எந்தத் தேதி, எந்த ஊர், எத்தனை மணி என்பது பருவம் தொடங்கும் முன்பே தெரியும். எதிரணி யார், அவர்களோடு போன வருடம் என்ன நடந்தது, திரும்ப நம் கோர்ட்டுக்கு எப்போது வருவார்கள் என்பதெல்லாம் தெரியும். நம்மைத் தோற்கடித்துவிட்டுப் போனவர்களை அவர்கள் ஊரிலேயே போய்ப் பார்க்கும் ஆசைதான் வெளியூர் ரசிகரை வண்டியேற வைக்கிறது. அந்த ஆசை முளைக்க இரண்டு அணிகளும் ஒன்றையொன்று திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும்.

நம்முடைய கல்லூரிப் போட்டி எப்படி நடக்கிறது என்று வாசகருக்குத் தெரியும். ஒரு கல்லூரி பொறுப்பேற்கும். எல்லா அணிகளும் அங்கே கூடும். இரண்டு மூன்று நாளில் நாக்-அவுட், கடைசி நாலு அணிக்கு லீக், கோப்பை, சான்றிதழ், முடிந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் மண்டலப் போட்டியும் இதே அச்சுதான். அணிகள் அதிகம், தூரம் அதிகம், நாள் அதிகம். பொறுப்பேற்ற கல்லூரியைத் தவிர மற்ற எல்லாருக்கும் அது வெளியூர். சொந்த ஊர் ஆட்டம் என்று ஒன்று அவர்களுக்குக் கிடையவே கிடையாது.

இந்த ஏற்பாட்டில் நல்லதே இல்லை என்று நான் சொல்லவில்லை. செலவு ஓரிடத்தில் முடிகிறது. நடுவர்களை ஒருமுறை அழைத்தால் போதும். வகுப்பு அதிகம் தவறாது. பெண்களை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் வீட்டில், பி.டி. மேடம் ஒருமுறை பேசி அனுமதி வாங்கிவிடலாம். அந்தத் தயக்கமும் காரணமில்லாதது இல்லை. 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவியின் சாவுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் ஈவ்-டீசிங்குக்கு எதிராகச் சட்டமே வந்தது. 2021-க்கான பத்மஸ்ரீ பெற்ற, ஒன்பது ஆசியக் கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப்புகளில் ஆடிய பி. அனிதாவும் இப்படி ஓரிடத்தில் கூடி ஆடிக் கலையும் போட்டிகள் நிறைந்த நாட்டில் வளர்ந்தவர்தான். இதெல்லாம் உண்மை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நாக்-அவுட்டில் ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வீட்டுக்கு அனுப்புகிறது. 16 அணிகள் வந்தால் முதல் சுற்றிலேயே எட்டு அணிகள் மூட்டை கட்டுகின்றன. ஒரு முழு ஆட்டம் என்பது பத்து பத்து நிமிடமாக 40 நிமிடம். ஆண்டு முழுக்கக் காலை ஐந்தரைக்கு எழுந்து சிமெண்ட் கோர்ட்டில் ஓடிய ஒரு பெண்ணுக்கு, பல்கலைக்கழக அளவில் அந்த ஆண்டு கிடைத்த ஆட்டம் அந்த 40 நிமிடம்தான். அதிலும் ஐந்தாவது ஃபவுல் விழுந்தால் முன்பே வெளியே உட்கார வேண்டும். இப்படி ஆடுகிறவளுக்கு ஒரு ரசிகர் எங்கிருந்து உருவாவார்? அவள் இடது கையில் லே-அப் போடுவாளா, கடைசி நிமிடத்தில் ஃப்ரீ த்ரோ கிடைத்தால் கை நடுங்குமா என்பதைத் தெரிந்துகொள்ள அவளைப் பல ஆட்டங்களில் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பல ஆட்டங்கள் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் நோணாங்குப்பத்தில் இருக்கிறார். தங்கை மகள் கல்லூரி அணியில் ஆடுகிறாள் என்பதற்காகவே இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒருமுறை வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவள் ஆட்டம் என்று கேள்விப்பட்டு, விடியற்காலை பஸ் பிடித்து, இரண்டு இடத்தில் மாறி, பத்தரை மணிக்குப் போய் இறங்கியிருக்கிறார். முந்தின நாள் ராத்திரி மேனேஜர் மீட்டிங்கில் ஃபிக்ஸ்சரை மாற்றிவிட்டார்கள். காலை ஏழு மணிக்கே ஆட்டம் நடந்து, தோற்றும் போயிருந்தார்கள். "மாமா, முடிஞ்சுபோச்சு, நீங்க சாப்ட்டீங்களா?" என்று அவள் கேட்டாளாம். இதைச் சொல்லும்போதும் அவர் யாரையும் திட்டவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. எந்த நாட்டிலும் ஒரு விளையாட்டை வாழவைப்பவர் இப்படிப்பட்ட மனிதர்தான். அவருக்கு ஒரு தேதியையும் ஒரு நேரத்தையும் தர நம்மால் முடியவில்லை. பிறகு மேடையேறி ரசிகர் இல்லை என்கிறோம்.

அவருடைய ஊரையே எடுத்துக்கொள்வோம். நோணாங்குப்பம் புதுச்சேரி–கடலூர் சாலையில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறைக்காக அந்த ஊரை அறிவார்கள். வடக்கே சில கிலோமீட்டரில் புதுச்சேரி நகரம், அங்கே பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி. தெற்கே தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் கடந்து முள்ளோடையில் எல்லை. அதையும் தாண்டினால் கடலூர், அங்கே கந்தசாமி நாயுடு மகளிர் கல்லூரி. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ் விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேரப் பயணம். ஒரு ரசிகர் வேலை முடித்து, சாயங்கால ஆட்டம் பார்த்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். வெளியூர் ஆட்டத்துக்கென்றே அமைந்தது போன்ற தூரம் அது. ஆனால் புதுச்சேரிக் கல்லூரி புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ், கடலூர்க் கல்லூரி தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் கீழ். கல்லூரிகளுக்கு இடையிலான பல்கலைக்கழகப் போட்டியில் இந்த இரண்டு ஊர்களும் சந்திக்க வழியே இல்லை.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகள் எங்கெங்கே இருக்கின்றன? காரைக்கால் 130 கிலோமீட்டருக்கு மேல். மாஹே கேரளக் கடற்கரையில். ஏனாம் ஆந்திரத்தில், கோதாவரிக் கரையில். அந்தமானில்கூடக் கல்லூரி உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் எங்கெங்கே பண்டகசாலை வைத்தார்களோ அந்தக் கணக்குப்படி நம் பெண்களின் எதிரணி அமைகிறது. அந்தமானைச் சேர்த்தது நம் நிர்வாக வசதி. இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் ஊரோடு ஆட முடியாது. அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊரோடு ஆடலாம். இந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு வீடு-வெளியூர் ஆட்டம் நடத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வரைபடத்தை மாற்றச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் எல்லாம் பணத்தால் வந்தது என்பார்கள். பணம் பின்னால்தான் வந்தது. 1896 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்போர்டு மாணவிகளும் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவிகளும் ஆடினார்கள். ஸ்டான்போர்டு 2–1 என்று வென்றது. பார்க்க வந்த நூற்றுக்கணக்கானவர்களும் பெண்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை. மாணவிகளின் மானம் பற்றிய கவலை அங்கேயும் நம்மைவிடக் குறைவாக இல்லை. ஆனாலும் ஆட்டத்தைப் பூட்டிய அறைக்குள் நடத்தாமல், பார்க்கத் தகுந்தவர்கள் என்று தாங்கள் கருதியவர்களையாவது உள்ளே விட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இமாக்குலாட்டா. பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன மகளிர் கல்லூரி அது. நம் ஊர்க் கான்வென்ட் கல்லூரிகளைத் தெரிந்தவர்களுக்கு அதன் சூழல் உடனே புரியும். 1972-இல் முதல் தேசியப் போட்டிக்கு இல்லினாய் போகக் காசு போதாமல் எட்டு ஆட்டக்காரிகளை மட்டுமே அனுப்பினார்கள். அந்த எட்டுப் பேர் இறுதியாட்டத்தில் வெஸ்ட் செஸ்டரை 52–48 என்று வென்றார்கள். வெஸ்ட் செஸ்டர் அவர்களுடைய பக்கத்து ஊர். அதற்குச் சில நாள் முன்புதான் இவர்களைப் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்திருந்தது. இமாக்குலாட்டா தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சாம்பியன். ஆட்டங்களுக்குக் கன்னியாஸ்திரீகளே தகர வாளிகளோடு வந்து கட்டையால் தட்டி ஆரவாரம் செய்தார்கள். 1975 பிப்ரவரியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குவீன்ஸ் கல்லூரியோடு அவர்கள் ஆடியபோது ஏறக்குறைய 12,000 பேர் வந்தார்கள். பெரிய தொலைக்காட்சிப் பணம் வருவதற்கு வெகுகாலம் முன்பு நடந்தது இது. அவர்களிடம் இருந்தவை பக்கத்து ஊரில் ஒரு நல்ல எதிரி, பருவம் முழுக்க ஆட்டம், வாளியோடு வரச் சுதந்திரம்.

நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. மதுரையின் சேது எஃப்சி 2018–19-இல் இந்தியப் பெண்கள் கால்பந்து லீக்கை வென்றது. இறுதியாட்டம் நடந்தது லூதியானாவில். தமிழ்நாட்டு அணி நாட்டின் சாம்பியன் ஆனதை மதுரைக்காரர் எத்தனை பேரால் நேரில் பார்த்திருக்க முடியும்? லீக் என்று பெயர் வைத்துக்கொண்டு எல்லா அணிகளையும் ஓரிடத்தில் கூட்டி முடித்த காலம் அது. அந்த லீக் 2023–24-இல் வீடு-வெளியூர் முறைக்கு மாறியது. கல்லூரிக் கூடைப்பந்து இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

ஏன் நிற்கிறது? என் நீண்ட நாள் ஆட்சேபம் இங்கேதான். இந்தப் போட்டிகள் சான்றிதழுக்காக நடத்தப்படுகின்றன. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்க்கைக்கும் வேலைக்கும் எந்த அளவுப் போட்டி, எந்த இடம் என்று கேட்கிறார்களே தவிர, எத்தனை ஆட்டம் ஆடினாய் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு நாளில் முதலிடம் யார் என்று தெரிந்தால் கோப்பு மூடப்படும். அந்தச் சான்றிதழால் ரயில்வேயில் வேலை வாங்கிய பெண்களை நான் மதிக்கிறேன். பல குடும்பங்கள் அதனால் நிமிர்ந்தன. ஆனால் சான்றிதழுக்குப் பார்வையாளர் தேவையில்லை. அதனால்தான் பார்வையாளரைப் பற்றி யோசிக்காமலேயே நம்மால் இத்தனை காலம் போட்டி நடத்த முடிந்திருக்கிறது. அரங்கில் இருப்பவர்கள் அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருக்கும் அணியும், ஸ்கோர் டேபிளும், டி.ஏ. படிவத்தில் கையெழுத்து வாங்க நிற்பவர்களும்தான்.

வாசல்காவலும் இதன் நீட்சிதான். மகளிர் கல்லூரி வாசலில் நோணாங்குப்பத்து மாமாவை நிறுத்தி, யார், எதற்கு என்று கேட்டு, பதில் சொன்ன பிறகும் வெளியே மரத்தடியில் உட்காரச் சொல்வார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் தகப்பனையும் தாய்மாமனையும் அக்காவையும் பழைய மாணவியையும் ஒன்றாக விலக்குகிறோம். தொல்லை கொடுப்பவனைத் தடுக்கப் பெயர்ப் பதிவும், தனி இருக்கையும், இரண்டு பெண் காவலர்களும் போதும். 2023-இல் பெண்கள் பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடங்கியபோது பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இலவசமாகவே கதவைத் திறந்தார்கள். மும்பை அரங்குகளில் குடும்பங்கள் வந்து உட்கார்ந்தன. கதவைத் திறந்தால் பொறுக்கிகள்தான் வருவார்கள் என்பது நம் சொந்த மக்களைப் பற்றிய அவதூறு.

செலவாகும் என்பார்கள். நாலு கல்லூரி போதும்: புதுச்சேரி, கடலூர், விழுப்புரம், திண்டிவனம். எல்லாம் காலையில் போய் இரவு திரும்பும் தூரம். தங்க ஹால் வேண்டாம், மூன்று நாள் சாப்பாட்டுச் செலவு வேண்டாம், கல்லூரி பஸ்ஸே போதும். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடு இரண்டு முறை ஆடினால் ஆறு ஆட்டம், அதில் மூன்று சொந்த ஊரில். சனிக்கிழமைகளில் வைத்தால் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். மாஹேவையும் ஏனாமையும் சேர்த்து நடக்கும் பல்கலைக்கழகப் போட்டி இப்போது போலவே நடக்கட்டும். சான்றிதழ் அதில் வரட்டும். இதற்குப் பல்கலைக்கழக ஆணையோ அரசாணையோ வேண்டியதில்லை. நட்புமுறை ஆட்டத்துக்கு ஒரு கல்லூரி முதல்வர் இன்னொரு கல்லூரி முதல்வருக்கு எழுதும் ஒரு கடிதம் போதும்.

இந்த நாலு ஊர்க் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வரும் கல்வியாண்டு தொடங்கும்போதே நாலு பேர் கூடி ஆறு சனிக்கிழமைகளைக் குறியுங்கள். ஊர், தேதி, நேரம் மூன்றையும் அச்சடித்துக் கல்லூரி வாசலிலும் பஸ் நிலையத்திலும் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு நேரத்தை மாற்றாதீர்கள்.