உழவர் நிலமும் அதன்மேற் சுமந்த கடமையும்: மூன்று ஜெர்மானிய எழுத்துகள்

ஜெர்மானிய நாடுகளின் உழவர் வரலாற்றைக் கற்பார் முதற்கண் எழுப்பும் வினா, 'நிலம் யாருக்கு உடைமையாக இருந்தது?' என்பதாகும். இவ்வினா இயல்பானதே. எனினும், அந்நாட்டுப் பழைய எழுத்துகளை நுணுகி நோக்குமிடத்து, அவற்றை ஆக்கியோர் முதன்மையாக எழுப்பிய வினா அஃது அன்று என்பது புலனாகும். 'நிலத்தை வைத்திருப்பவன் எவ்வளவு செலுத்தல் வேண்டும்? அவ்வளவை உயர்த்தும் உரிமை யாருக்கு உண்டு?' என்பனவே அவர்தம் வினாக்கள். உடைமையினும் கடமையின் அளவே அவர்க்குப் பெரிதாயிற்று. 1525, 1774, 1895 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய மூன்று எழுத்துகளைக் கொண்டு இக்கருத்தை நிறுவுதலும், அவற்றின் நிறை குறைகளை ஆய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்துகளுள் புகுமுன் நிலவுரிமையின் அமைப்பைச் சிறிது அறிதல் நலம். உரோமச் சட்டம் பயின்ற அறிஞர் ஒரே நிலத்தின்மேல் இருவகை உடைமையைக் கண்டனர். நிலத்தலைவனுக்கு உரியது மேலுடைமை. உழுது பயன்கொள்வோனுக்கு உரியது பயனுடைமை. 'எர்ப்லேஹன்' என்னும் முறையில் பயனுடைமை வழிவழியாக மக்களுக்குச் சென்றது. மேல் சுவேபியாவில் பரவியிருந்த 'ஃபால்லேஹன்' முறையில், உழவன் இறந்ததும் நிலம் தலைவனிடம் மீண்டது. மகன் புதிதாகக் கட்டணம் செலுத்தியே அதனைப் பெறவேண்டும். பவேரியாவின் 'ஃப்ரைஷ்டிஃப்ட்' முறையிலோ உழவனை ஆண்டுதோறும் விலக்கச் சட்டம் இடந்தந்தது. வழக்கத்தில் பல குடும்பங்கள் தலைமுறைகள் பல நிலைத்திருந்தன.

தமிழில் மேல்வாரம், குடிவாரம் என்னும் சொற்கள் உண்மையால் இப்பகுப்பு நமக்கு விளங்குதற்கு அரிதன்று. ஆயினும் அச்சொற்கள் விளைவின் பங்கைக் குறிப்பன. ஜெர்மானியப் பகுப்போ நிலத்தின்மேலுள்ள உரிமையையே கூறிட்டது. ஆதலின் அவற்றை அவ்வாறே பெய்து மொழிபெயர்த்தல் பொருந்தாது.

கடமைகளும் பலவாம். தானியமாகவோ பணமாகவோ செலுத்தும் குத்தகை, விளைவிற் பத்திலொரு பங்கு, வண்டியும் இழுவை விலங்கும் கொண்டு செய்யும் ஊழியம், கையாற் செய்யும் ஊழியம், உழவன் இறந்தவிடத்து அவன் தொழுவத்துச் சிறந்த விலங்கைக் கொடுக்கும் இறப்பு வரி என்பன அவற்றுட் சில. இவையனைத்தும் ஒருவனுக்கே உரியன அல்ல. நிலத்தின் தலைவன், உழவனுடைய உடலின்மேல் உரிமை கொண்ட தலைவன், வழக்குத் தீர்க்கும் தலைவன் என மூவர் வேறுவேறாக இருத்தலும் உண்டு. இச்சிக்கலை நினைவிற் கொண்டாலன்றி 1525-ஆம் ஆண்டின் எழுத்து நமக்கு விளங்காது.

அவ்வெழுத்து, 'பன்னிரண்டு கூறுகள்' எனப் பெயர்பெற்ற விண்ணப்பமாகும். மெம்மிங்கன் நகரில் 1525 மார்ச்சுத் திங்களில் மேல் சுவேபியாவின் உழவர் கூட்டத்தார் இதனை ஏற்றனர். மென்மயிர்த் தோல் தைக்கும் தொழிலினரான செபாஸ்டியான் லோட்ஸர், சமயவுரையாளரான கிறிஸ்டோஃப் ஷாப்பெலர் ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர் என்பர். இரண்டு திங்களுக்குள் இருபத்தைந்து பதிப்புகளளவில் அச்சேறி நாடெங்கும் பரவியது. உழவர் நிலவுடைமை கேட்டு எழுந்ததன் சான்றாக இதனைக் காட்டுவாரும் உளர். கூறுகளை ஒவ்வொன்றாகக் கற்பார்க்கு அக்கருத்து நிலைபெறாது.

நிலத்தின் மேலுடைமையைத் தமக்குத் தருக என்று கேட்கும் கூறு இப்பன்னிரண்டனுள் ஒன்றேனும் இல்லை. தானியத்திற் பத்திலொரு பங்கைக் கொடுக்க இரண்டாம் கூறு இசைகிறது. கால்நடையின்மேல் வாங்கும் பங்கையே மறுக்கிறது. ஆறாம் கூறு, ஊழியம் நாளும் பெருகுவதை முறையிடுகிறது. நிலத்தைக் கொடுத்தபோது ஒப்பிய அளவுக்குமேல் தலைவன் வேண்டலாகாது என்பது ஏழாம் கூறு. நிலம் குத்தகையைத் தாங்கவில்லையாயின், நேர்மையாளர் அதனைப் பார்வையிட்டு நியாயமான அளவை வரையறுக்கவேண்டும் என்பது எட்டாம் கூறு. காடும் நீரும் பொதுப்புலமும் பற்றிய கூறுகளிலும், ஒருவன் அவற்றை முறையாக விலைக்கு வாங்கியிருப்பின் அவனோடு இணக்கமாகப் பேசித் தீர்க்க இசைவு தெரிவிக்கப்படுகிறது. உடைமையை அழிக்க எழுந்தவர் விலைச்சீட்டை மதித்துப் பேசுவரோ? எனவே, அளவு கடத்தலே இவ்வெழுத்தின் உட்பொருள் என்பது தெளிவு.

இதற்கு விலக்காக நிற்பன உடலடிமையை நீக்கக் கேட்கும் மூன்றாம் கூறும், இறப்பு வரியை முற்றும் ஒழிக்கக் கேட்கும் பதினொன்றாம் கூறுமாம். இவ்விரண்டிடத்தும் அளவுபற்றிய பேச்சே இல்லை. நிலத்தின்மேலுள்ள கடமைக்கு அளவு உண்டு. மனிதனின்மேலும் அவன் மனைவி மக்களின் துயரின்மேலும் விழும் கடமைக்கு எவ்வளவும் மிகையே என்பது அவர்தம் கொள்கை போலும். இவ்வேறுபாட்டை மார்ட்டின் லூதர் பெரிதாகக் கொண்டிலர். அவ்வாண்டே எழுதிய மறுமொழியில், தலைவரின் கொடுமையைக் கடிந்த அவர், மூன்றாம் கூறு சமய விடுதலையை உடலின் விடுதலையாக்குகிறது என்று குறைகூறினார். சமய நூற்கொள்கை பற்றி அவர்க்கு வலுவான வாதம் இருத்தல் கூடும். ஆனால், கெம்ப்டன் மடத்து நிலங்களில் உரிமையோடு வாழ்ந்த குடிகள் படிப்படியாக உடலடிமைகளாகத் தாழ்த்தப்பட்டமையை நோக்குவார்க்கு, அக்கூறு வெறும் சமய வாதம் அன்று என்பது தோன்றும். குடியின் உடல்நிலையைத் தாழ்த்துதல் கடமையை உயர்த்துதற்கு ஒரு வழியாக இருந்தது.

உழவர் படை முறியடிக்கப்பட்டது, பல்லாயிரவர் மடிந்தனர். ஆயினும் 1526-இல் கெம்ப்டன் மடத்துத் தலைவருக்கும் குடிகளுக்கும் இடையே மெம்மிங்கனில் ஓர் உடன்படிக்கை எழுந்தது. போரில் தோற்றவரோடும் கடமையின் அளவை எழுத்தில் வரைய நேர்ந்தமை, அவ்வினாவின் வலிமையைக் காட்டும்.

இரண்டாவது எழுத்து, ஒஸ்னாபுரூக் ஆட்சியின் உயரலுவலராகிய யுஸ்டுஸ் மோஸர் 1774-இல் எழுதிய கட்டுரை. உழவனது பண்ணையை ஒரு வாணிகக் குழுவின் பங்காக அவர் உருவகிக்கிறார். நாடு ஒரு குழு. பண்ணை அதன் பங்கு. பங்கைப் பெற்றவன் அதற்குரிய சுமையையும் ஏற்றவன். கடமை மனிதனைப் பற்றியதன்று, பண்ணையைப் பற்றியது என்னும் நாட்டு வழக்கை இவ்வளவு எளிதில் விளக்கிய எழுத்து அரிது. பண்ணையைக் கடனால் அழிப்பவனை அதனினின்று நீக்க 1722-ஆம் ஆண்டின் ஒஸ்னாபுரூக் சட்டம் இடந்தந்ததன் காரணமும் இதனால் விளங்கும்.

எனினும் இவ்வுருவகம் இரண்டிடங்களில் இடிந்துவிழுகிறது. குழுவிற் பங்குகொண்ட வணிகன் வேண்டாதபோது விலகலாம். ஒஸ்னாபுரூக்கின் கட்டுண்ட உழவனோ விடுதலையை விலைகொடுத்து வாங்கினாலன்றி விலகல் இயலாது. இஃது ஒன்று. பண்ணையாரின் சிறு மனைகளில் குடியிருந்து, வாடகைக்கு ஈடாக வேலையும் செய்த நிலமற்ற 'ஹாயர்லிங்' மக்கள் அந்நாட்டில் மிகப் பலர். அவர்க்கு இக்குழுவிற் பங்கே இல்லை. இது மற்றொன்று. கடமை சுமப்பவனுக்கே நாட்டில் இடம் என்னும் கொள்கை, நிலம் இன்மையால் கடமைக்குரிய பங்கும் பெறாதவனைக் கணக்கில் கொள்ளவில்லை. மோஸரின் தெளிவு, விளிம்பில் நின்றவரைக் காணாமையாற் பெற்ற தெளிவாகும்.

இவ்விரண்டு எழுத்துகளுக்கும் மூன்றாவதற்கும் இடையே சட்டத்தின் பெருமாற்றம் நிகழ்ந்தது. பிரஷ்யாவில் 1807 அக்டோபர் 9-ஆம் நாள் வெளிவந்த ஆணை, பண்ணைத் தலைவனுக்குக் கட்டுண்ட நிலை 1810-இன் மார்ட்டின் திருநாளோடு முற்றும் ஒழியும் என்றது. நிலம் பற்றிய ஆணை 1811-இல் வந்தது. வழியுரிமை உடையவன் தன் நிலத்தில் மூன்றிலொரு பங்கையும், அஃது இல்லாதவன் பாதியையும் தலைவனுக்கு விட்டு, எஞ்சியதை முழுவுடைமையாகக் கொள்ளலாம் என்றது. 1816-இன் விளக்க ஆணையோ, இழுவை விலங்கு வைத்து உழும் பழம்பண்ணைகளுக்கே இதனை வரையறுத்தது. சிறுகுடிகள் 1850 வரை காத்திருக்க நேர்ந்தது.

தலைவனது கடமையும் இதனோடு ஒழிந்தமையை நாம் மறத்தலாகாது. பஞ்சத்தில் உதவுதலும், வீடு பழுதுற்றவிடத்துக் கட்டப் பொருள் தருதலும் கீழைப் பகுதிகளில் தலைவன்மேல் நின்ற சுமைகள். உழவர் பண்ணைகளைத் தலைவர் விழுங்குவதை இரண்டாம் ஃபிரெடெரிக் மன்னர் 1749-இல் தடுத்திருந்தார், அக்காவலும் நீங்கியது. உழவர் விடுதலையே நிலமற்ற தொழிலாளரைத் தோற்றுவித்தது என்று கேயோர்க் ஃபிரீட்ரிஹ் நாப் 1887-இல் வாதித்தார். பலர் நிலத்தை இழவாமல் பணத்தாலேயே கடமையை மீட்டனர் எனக் காட்டிப் பிற்கால ஆய்வாளர் அவர் கருத்தைத் திருத்தியுள்ளனர். அத்திருத்தம் ஏற்கத்தக்கதே. ஆனால் பணத்தால் மீட்டவனும் ஆண்டாண்டு தவணை செலுத்தியே மீட்டான். தலைவனுக்கு ஈடு தந்து, உழவனிடம் தவணை வாங்க 1850-இல் பிரஷ்யாவில் வங்கிகள் நிறுவப்பட்டன. 'கடன்' என்னும் நம் சொல் பழைய வழக்கில் கடமையையும் இற்றை வழக்கில் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளையும் குறிக்கும். ஜெர்மானிய உழவன் வாழ்வில் இவ்விரு பொருளும் ஒரு நூற்றாண்டுக்குள் இடம் மாறின. கடமையாகிய கடன் போய்ப் பணமாகிய கடன் வந்தது.

அம்மாற்றத்தின் இலக்கியச் சான்று, வில்ஹெல்ம் ஃபொன் போலென்ஸ் 1895-இல் வெளியிட்ட 'பூட்னர்பவர்' என்னும் புதினம். டால்ஸ்டாய் இதன் உருசிய மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதிப் பாராட்டினார். டிராவுகோட் பூட்னர் என்னும் முதிய உழவன் எவருக்கும் ஊழியம் செய்யவேண்டாத முழுவுடைமையாளன். ஆயினும் உடன்பிறந்தார்க்குப் பங்கு கொடுக்க நிலத்தின்மேல் ஏற்றிய ஈடுகள் அவனை நெருக்குகின்றன. பண்ணை ஏலம் போகிறது. முடிவில் அவன் தூக்கிட்டு மடிகிறான்.

உழைப்பையும் நிலத்தையும் பற்றிய பகுதிகளில் இப்புதினம் சிறந்து விளங்குகிறது. கேட்டின் காரணத்தைக் காட்டுமிடத்தில் பெரிதும் வழுவுகிறது. யூத வணிகன் ஒருவனை வஞ்சகத்தின் உருவாகப் படைத்து, அவன்மேற் பழியை ஏற்றுகிறார் ஆசிரியர். அக்காலத்து யூத வெறுப்பின் சாயல் இது. கலைக்கும் உண்மைக்கும் ஒருங்கே இழுக்காவது. ஏனெனில், ஈட்டைத் திருப்பிக் கேட்டு நெருக்குபவருள் உழவனின் சொந்த மைத்துனனும் உளன். அவன் காட்டை விரும்பி நிற்பவர் அண்டைப் பண்ணைப் பிரபு. புதினத்தின் நிகழ்ச்சிகளே ஆசிரியரின் தீர்ப்பை மறுக்கின்றன. பங்கீட்டுக் கடனை நிலத்தின் விளைவு தாங்குமா என்று பார்வையிட ஒருவரும் இல்லாமையே கேட்டின் வேர்.

1525-இன் எட்டாம் கூறு வேண்டியது அப்பார்வையிடுதலையே ஆகும். நிலம் தாங்கும் அளவை நேர்மையாளர் காணல் வேண்டும் என்ற அவ்விண்ணப்பத்தை முன்னூற்றெழுபது ஆண்டுகளுக்குப்பின் நிகழ்ந்த ஏலத்தோடு ஒப்பிட்டால், உடைமை பெற்றவன் எல்லாம் பெற்றவன் ஆகான் என்பது விளங்கும். எனவே, இத்துறையின் எழுத்துகளை இனி ஆய்வார், நிலம் யாருடையது என்பதோடு நில்லாது, அதன்மேல் நின்ற சுமையை அளந்தவர் யார் என்பதையும் வினவுதல் வேண்டும் என்பது நம் துணிபு.