கப்பலின் ஆங்கிலமும் பழவேற்காட்டுக் கடலும்

எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் வந்துபோகும் கப்பல்கள் கடக்கிற அதே கடலில்தான் பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களின் ஃபைபர் படகுகள் வலை விடுகின்றன. கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜில் நிற்கும் டெக் ஆபீசர் பிலிப்பைன்ஸ்காரராக இருக்கலாம், உக்ரைன்காரராக இருக்கலாம், நம் ஊர்க்காரராகவும் இருக்கலாம். கடமை நேரத்தில் அவர்கள் எல்லோருக்கும் பொது மொழி ஆங்கிலம். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்தோ கோரைக்குப்பத்திலிருந்தோ போன படகில் இருப்பவருக்குத் தமிழ் மட்டுமே துணை. இந்த இரண்டு பேரும் ஒரே நீரில் சந்திக்கும்போது, கப்பல் அதிகாரிகளுக்கு நாம் கற்றுத்தரும் மொழியும் கடலறிவும் எவ்வளவு தூரம் உதவுகின்றன என்பதை எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் நிறைகளைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவை பெரியவை. கப்பல்களுக்கு இடையிலான பேச்சை ஒழுங்குபடுத்தும் முயற்சியாகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1977-இல் ஒரு சொல்தொகுதியை ஏற்றது. 1990-இல் ஸ்காண்டிநேவியன் ஸ்டார் கப்பல் தீப்பிடித்து 150-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ஊழியர்கள் பலரால் பயணிகளிடமும் ஒருவருக்கொருவரும் பேசிப் புரியவைக்க முடியவில்லை என்பது வெளியே வந்தது. மொழித்தடை உயிரைக் குடிக்கும் என்பதை அந்த விபத்து உலகத்துக்குக் காட்டியது. 2001-இல் எஸ்.எம்.சி.பி. எனப்படும் நிலையான கடல்சார் தொடர்புச் சொற்றொடர்கள் நடைமுறைக்கு ஏற்கப்பட்டன. 500 கிராஸ் டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் காவல் பொறுப்பேற்கும் அதிகாரி இவற்றைப் புரிந்து பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று, மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை சொல்கிறது.

இந்தத் தொகுப்பைச் செய்தவர்களின் கவனம் சின்னச் சின்ன இடங்களில் தெரிகிறது. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் ஆங்கிலத்தில் ஒலி நெருக்கம். ரேடியோ இரைச்சலில் ‘ஃபிஃப்டீன்’ எது, ‘ஃபிஃப்டி’ எது என்று பிரித்தறிவது கடினம். அதனால் ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஸீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். ‘மே’ (may), ‘குட்’ (could) போன்ற இரட்டைப் பொருள் தரும் சொற்களைத் தவிர்க்க வேண்டும். ‘நீங்கள் ஆபத்தை நெருங்கக்கூடும்’ என்று இழுக்காமல், ‘வார்னிங்’ என்று முன்னறிவித்துவிட்டு ‘நீங்கள் ஆபத்தை நோக்கிப் போகிறீர்கள்’ என்று நேராகச் சொல்ல வேண்டும். சுக்கான் பிடிப்பவர் கேட்ட கட்டளையை அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும்.

இதில் ஒரு சமூக நன்மையும் இருக்கிறது. அலங்கார ஆங்கிலம் இங்கே மதிப்பெண் வாங்காது, தெளிவுதான் வாங்கும். தமிழ்வழியில் படித்த மாணவர் எல்லைக்குட்பட்ட ஒரு சொற்றொடர்த் தொகுதியை முறையாகப் பழகினால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குச் சமமாக பிரிட்ஜில் நிற்கலாம். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையில் இருக்கும்போது, குப்பத்துப் பிள்ளைகளுக்கு இது திறந்திருக்க வேண்டிய கதவு.

குறைகள் எங்கே தொடங்குகின்றன? அந்தச் சொற்றொடர்த் தொகுப்பில் மீன்பிடிப்புக்கென்றே ஒரு பகுதி உண்டு. ‘சிறிய மீன்பிடிப் படகுகள் அருகில் இருக்கின்றன, கவனமாகச் செல்லுங்கள்’, ‘எனக்கு முன்னால் வலை இருக்கிறதா?’, ‘உங்கள் வலையை எடுத்துவிடுங்கள்’ என்றெல்லாம் சொல்ல அதில் வாக்கியங்கள் உள்ளன. ஆனால் மீனவரை நோக்கிய வாக்கியங்களும் வி.எச்.எஃப். ரேடியோ வைத்திருக்கிற, ஆங்கிலம் அறிந்த ஒருவரை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன. வலையை எடுக்கச் சொல்லும் அறிவுரை 16-ஆம் சேனலில் எவ்வளவு திருத்தமாக ஒலித்தாலும், ரேடியோ இல்லாத படகுக்கு அது சொல்லப்படவே இல்லை. அதிகாரியோ தன் கடமை முடிந்ததாக நினைத்துவிட வாய்ப்பிருக்கிறது. நல்ல கருவி தரும் இந்தப் பொய்யான நிம்மதிதான் மிகவும் அபாயமானது.

இரண்டாவது குறை, ரேடியோப் பேச்சு கடல் விதிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்வது. மோதலைத் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டு சர்வதேச விதிகள் பேச்சை நம்பி எழுதப்பட்டவை அல்ல. 5-ஆம் விதி கண்ணாலும் காதாலும் இடைவிடாமல் கவனிக்கச் சொல்கிறது. 18-ஆம் விதிப்படி, வலையால் கட்டுண்டு எளிதில் திரும்ப முடியாத மீன்பிடிப் படகுக்கு எந்திரக் கப்பல்தான் விலகிப்போக வேண்டும். ரேடியோவில் பேசிப் பேசி நேரத்தைக் கடத்திவிட்டு மோதிக்கொண்ட கப்பல்கள் உண்டு என்று பிரிட்டனின் கடல்சார் அமைப்பு அதிகாரிகளை எச்சரித்தே வந்திருக்கிறது.

நம் வாசலிலேயே ஒரு பாடம் நடந்தது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே மோதிக்கொண்டன. இரண்டும் சான்றிதழ் பெற்ற அதிகாரிகளால் செலுத்தப்படும் பெரிய வணிகக் கப்பல்கள். ரேடியோவும் ரேடாரும் ஆங்கிலமும் இருந்தும் மோதல் நிகழ்ந்தது. கசிந்த எண்ணெய் கரையேறி எர்ணாவூர்ப் பாறைகளில் படிந்தது. மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளிகளால் அள்ளினார்கள். மீன் வாங்க ஆள் வராமல் கரையோர மக்கள் தவித்தார்கள். அந்த பிரிட்ஜ்களில் நின்றவர்கள் செய்ததற்கு விலை கொடுத்தவர்கள் அந்தப் பேச்சில் பங்கே இல்லாதவர்கள்.

படகு கப்பலின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்த்தால் இடைவெளி இன்னும் துலங்கும். ஃபைபர் உடல் ரேடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. அலை அடிக்கும் கடலில் அந்தப் புள்ளி திரையில் கரைந்துபோகும். பெரிய கப்பலின் முன்பக்கம் 500 மீட்டர் வரை கடற்பரப்பு மறைந்திருப்பதைச் சர்வதேச விதியே அனுமதிக்கிறது. முழு வேகத்தில் வரும் 300 மீட்டர் கப்பலை அவசரமாக நிறுத்தினாலும், நிற்பதற்குள் அது நான்கு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடலாம். 2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பம் அருகே கப்பல் மோதி மீன்பிடிப் படகு சிதைந்தபோது, இறந்தவர்களை எண்ணிக் குமரி மாவட்டத்து ராமன்துறை அழுதது. அந்தத் துயரம் எந்தக் குப்பத்துக்கும் வரலாம்.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பழவேற்காட்டு மீனவரின் கடலறிவு ஆழமானது. மணல் மேடிட்டு அடைபடும் முகத்துவாரத்தில் அலைக்கு அலை இடைவெளி பார்த்து, எந்திரத்தின் காலைத் தூக்கிப் பிடித்து, படகை வெளியேற்றுவது எந்தப் பாடநூலிலும் முழுதாக அடங்காத திறமை. கலங்கரை விளக்கையும் கரையிலுள்ள வேறொரு அடையாளத்தையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்து இடம் குறிப்பதும், வாடைக் காற்றின் மாற்றத்தை உடம்பால் உணர்வதும் தலைமுறை தலைமுறையாக வந்தவை. ஆனால் அந்த அறிவு அந்நியக் கப்பலுக்கு எதையும் தெரிவிக்காது. இழுவலைப் படகுக்கு வெள்ளைக்கு மேல் பச்சை, மற்ற வலைப் படகுக்கு வெள்ளைக்கு மேல் சிவப்பு என்ற விளக்கு ஒழுங்கு பின்பற்றப்படாவிட்டால், அதிகாரிக்கு அந்தப் படகின் நிலை புரியாது. குறுகிய கப்பல் பாதையில் வலைப் படகு வழியை மறிக்கக்கூடாது என்ற 9-ஆம் விதியும் மீனவருக்குத் தமிழில் விளக்கப்பட வேண்டும். அனுபவம் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்கு 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததே சாட்சி. உயிர்காப்பு உடைக்கு எந்தக் கடலறிவும் ஈடாகாது.

ஆக, கப்பல் ஆங்கிலத்தைக் கைவிடச் சொல்வதில் நியாயமில்லை. அதை முழுக் கடலறிவாக நினைப்பதைத்தான் கைவிட வேண்டும். சென்னையில் பயிலும் ஒவ்வொரு கேடட்டும் ஓர் இரவாவது ஃபைபர் படகில் அமர்ந்து, தன்னை நோக்கி வரும் கப்பலின் விளக்குகளைப் பார்க்கட்டும். அந்த உயரத்திலிருந்து பார்த்தவருக்கு 5-ஆம் விதியை மனப்பாடம் செய்விக்க வேண்டியிருக்காது. துறைமுகத்துக்குள் கப்பலைக் கூட்டிவரும் பைலட்டுகளும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைகளும் கப்பல் வருகையைக் குப்பங்களுக்கு முன்கூட்டியே தமிழில் சொல்லட்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்ற செய்தி இதே குப்பங்களுக்கு வந்து சேர்கிறது. அதே பாதையில் கப்பல் செய்தியும் வர முடியும். படகுகளுக்கு வி.எச்.எஃப்., ரேடார் அலையைத் திருப்பும் தகடு, சரியான விளக்கு ஆகியவை மானியத்தில் கிடைக்க வேண்டும். அவற்றைக் கையாளும் பயிற்சி தமிழில் நடக்க வேண்டும்.

மோதலைத் தவிர்க்கும் இந்தச் சுமையைப் பகிர்வதில் ஒரு முறை இருக்கிறது. பெரிய எந்திரமும் பெரிய பள்ளிக்கூடமும் யாரிடம் இருக்கின்றனவோ, அவர்கள்தான் முதல் அடி எடுத்துவைக்க வேண்டும். எதிரில் இருப்பவருக்குத் தன் மொழி எட்டவில்லை என்று தெரிந்ததும், மைக்கைக் கீழே வைத்துவிட்டு வேகத்தைக் குறைத்து, ஒலி எழுப்பி, போதிய தூரத்திலேயே விலகும் அதிகாரிதான் முழுமையாகக் கற்றவர். தேர்வுகள் இனி அவரைத் தேடட்டும்.